இருட்டுப் பெட்டியின் சாவி

மனைவி இறந்த பத்தொன்பதாம் நாள் காலையில் ஆய்வக மேனேஜரிடமிருந்து அவருக்கு ஒரு போன் வந்தது. துக்கம் கேட்டு வந்த அழைப்புகள் எல்லாம் ஓய்ந்து, வீடு சத்தமில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம். மேனேஜர் சாப்பாடு, தூக்கம், முழங்கால் வலி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இருட்டுப் பெட்டி சாவி உங்க வீட்டுல இருக்கான்னு கொஞ்சம் பாக்கணும். எங்க எல்லா இடத்துலயும் தேடிட்டோம். இன்னைக்கு இருபத்தெட்டாவது நாள்.”

கதவுக்குப் பக்கத்து ஆணியில் அவளுடைய சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கைப்பையோடு கொடுத்தார்கள். மாட்டியவர் மறுபடி தொடவில்லை. அவருக்கென்று தனிச் சாவி இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தார். வாசற்கதவு, தபால் பெட்டி, எப்போதோ விற்றுவிட்ட சைக்கிளின் பூட்டு. நான்காவதாக ஒரு சின்னப் பித்தளைச் சாவி. ஏதோ பழைய சூட்கேஸுடையது என்று அவர் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்த சாவி.

சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் தர நிர்ணய அலுவலகத்தில் முப்பது வருஷம் விதிகள் எழுதியவர். ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது, பெட்டியின் மேல் என்ன அச்சிட வேண்டும் என்பதையெல்லாம் வரி வரியாக எழுதுவது அவர் தொழில். கடைசிப் பன்னிரண்டு வருஷமாக அவரிடம் இருந்தது சலவைத்தூள். ஒரே ஆறும் ஒரே கடலும் ஐந்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு போகின்றன. ஐந்து நாட்டுக்கும் ஐந்து விதி. ஒரு நாட்டில் தேறிய தூளை எல்லையில் நிறுத்தி அடுத்த நாடு மறுபடி பரிசோதிக்கும். ஐந்துக்கும் பொதுவாக ஒரே விதி, ஒரே பரிசோதனை என்று கொண்டுவருவதற்காக ஒரு குழு வைத்தார்கள். அந்தக் குழுவில் தம் நாட்டுக்காக உட்கார்ந்திருந்தவர் அவர். “நம்ம பேப்பர் எல்லையில நிக்குது, நுரை மட்டும் யாரையும் கேக்காம தாண்டிப் போயிட்டே இருக்கு” என்பார் குழுவின் தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். முதல் இரண்டு வருஷம் எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவி வேலை பார்த்தது அவர் அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த ஆய்வகத்தில். அங்கே அவளுக்குப் பாட்டிலம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். அவருக்கு அவள் வைத்த பெயர் கமா. வீட்டுக்கு யாராவது வந்தால், “இவரு ஒரு கமாவுக்காக மூணு நாள் வெளிநாட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்காரு, காபி குடுங்கன்னு கேக்கறாரு, குடுக்கலாமா?” என்று அவர்களிடமே கேட்பாள்.

அவள் செய்த பரிசோதனை சொல்வதற்குச் சுலபம். ஆற்றுத் தண்ணீரைக் குடுவையில் நிரப்பி, சலவைத்தூளில் துளி சேர்த்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்காமல் கண்ணாடி மூடியால் அடைத்து, இருட்டில் இருபத்தெட்டு நாள் வைக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் கிருமிகள் தூளைத் தின்னும். தின்னும்போது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனையும் செலவழிக்கும். கடைசி நாளில் எவ்வளவு ஆக்ஸிஜன் குறைந்திருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு தூள் கரைந்து ஒழிந்தது என்று தெரிந்துவிடும். அறுபது சதவீதமோ மேலேயோ இருந்தால் தேறியது. கீழே என்றால், அந்தத் தூள் ஆற்றிலேயே தங்கிவிடும், விற்கக் கூடாது. தூள் போடாத வெறும் தண்ணீர்க் குடுவைகள் சில, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எல்லாம் அந்த இருட்டுப் பெட்டிக்குள். பெட்டி என்பது பேச்சுக்குத்தான். ஆள் உயர இரும்பு அலமாரி, உள்ளே ஒரே சூட்டில் இருக்கும்.

இந்தச் சுலபமான பரிசோதனையில்தான் பதினொரு வருஷச் சண்டை இருந்தது. ஐந்து நாடுகளில் ஒன்று தீவு. அங்கேயும் ஒரு ஆய்வகம், அங்கேயும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. ஒரே தூளை இரண்டு இடத்திலும் பரிசோதித்தால் தீவில் அறுபத்தொன்று வரும், இங்கே ஐம்பத்தெட்டு. அங்கே தேறியது இங்கே தோற்கும். யார் சரி என்று தெரியாமல் ஒரே விதி எப்படி எழுதுவது? சண்டை ஆரம்பித்த வருஷம்தான் தீவு ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. அதனால் கோளாறு அவர்களிடம்தான் என்று பாட்டிலம்மா அடித்துச் சொன்னாள். தீவுக்காரம்மா விடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கடிதத்திலேயே மல்லுக்கு நின்றார்கள்.

காலைக் காபியின்போது மனைவி அந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டுவாள்.

“‘உங்கள் குடுவைகளின் நலம் குறித்து அக்கறையோடு விசாரிக்கிறோம்’னு எழுதியிருக்கா. என் பாட்டிலுக்கு என்ன ஜலதோஷமா?” பதிலை அவரிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பாள். “‘புதுக் கட்டடத்தில் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று அன்புடன் தெரிவிக்கவும்.’ எப்படி? கமா எங்கயாவது போடணுமா?”

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ‘அன்புடன்’ வேண்டாம் என்பார். அவள் அதை இன்னும் அழுத்தி எழுதுவாள்.

கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. ஒரே தூள், ஒரே நாளில், இரண்டு ஆய்வகத்திலும். அதற்கப்புறம் இரண்டு எண்ணும் எப்படி இருக்கிறதோ அதை வைத்துப் பேசிக்கொள்ளலாம். பாட்டிலம்மா பதினான்கு குடுவைகளை வைத்துப் பூட்டினாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் ஆய்வகப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

அந்தக் குடுவைகளுக்குத்தான் இப்போது சாவி.

மேனேஜரே பெட்டியைத் திறந்தார். சாவி கொண்டுவந்தவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மேலே மெத்தைத் துணி தைத்த மர நாற்காலி. பெட்டிக்கு நேர் எதிரே கிடந்தது. சாயங்காலத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டார்கள். அறுபத்தொன்று புள்ளி மூன்று. தீவிலிருந்து வந்த எண் அறுபத்தொன்று புள்ளி ஒன்று.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டும் ஒத்துப்போயிருந்தது, பார்க்க அவள்தான் இல்லை என்றார். மறு வாரமே குழுத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு மாதத்தில் கூட்டம். பொது விதி நிறைவேறிவிடும். விதிகளில் யார் பெயரும் போடுகிற வழக்கம் இல்லையென்றாலும், இந்த ஒருமுறை முன்னுரையில் அவர் மனைவியின் பெயரோடு ஒரு வரி சேர்க்கக் குழு விரும்புகிறது. ‘இப்பரிசோதனை முறையின் நுணுக்கம் அவர் தந்தது’ என்று. அவர் அந்தக் கடிதத்தை மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினார். மகள் வேறொரு கண்டத்தில் இருக்கிறாள். பதிலுக்கு ஒன்றும் எழுதாமல் போன் செய்து ரொம்ப நேரம் அழுதாள்.

அவளுடைய நோட்டுப் புத்தகங்களை மேனேஜர் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். ஆய்வகத்துக்கு நகல் இருக்கிறது, இது உங்களிடம் இருக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வாசிப்பது அவர் வழக்கமாயிற்று. எண்கள்தான். ஆனாலும் அவள் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி நோட்டை எடுத்தார். முதல் நாள்: 8.10 – 8.25. பார்த்தேன். குமிழி இல்லை. இரண்டாம் நாள்: 8.10 – 8.25. பார்த்தேன். ஒன்பதாம் நாள்: 8.10 – 8.25. பார்த்தேன். எல்லாம் சரி. அதற்குக் கீழே வெள்ளைத்தாள். பிறகு மேனேஜர் கையெழுத்தில் இருபத்தெட்டாம் நாள்.

முப்பது வருஷம் பிறர் எழுதிய வாக்கியத்தில் ஓட்டை தேடியவர் அவர். கை அந்த வெள்ளைத்தாளிலேயே நின்றுவிட்டது. பத்தொன்பது நாள் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறந்திருக்க முடியாது. சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கியது.

முந்தைய நோட்டை எடுத்தார். அதற்கு முந்தையதை. ஒவ்வொரு பரிசோதனையிலும் இருபத்தெட்டு நாளும் காலை எட்டு பத்துக்குக் கதவைத் திறந்து, பதினைந்து நிமிஷம் அவள் பார்த்திருக்கிறாள். கண்ணாடி மூடியின் கீழ் குமிழி நிற்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் விளக்கைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேஜை விளக்கு ஒன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்ததை அவரே பார்த்திருக்கிறார். ஆற்றுத் தண்ணீரில் கிருமி மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாசியும் உண்டு. வெளிச்சம் பட்டால் பாசி ஆக்ஸிஜனை விடும். கிருமி செலவழித்ததைப் பாசி நிரப்பிவிடும். தூள் குறைவாகக் கரைந்தது போலக் காட்டும். தூள் போட்ட குடுவைகளை அவள் பார்ப்பதற்கு வாகாக முன்வரிசையில் வைத்திருந்தாள். வெறும் தண்ணீர்க் குடுவைகள் பின்னால், நிழலில். அறுபத்தொன்று ஐம்பத்தெட்டு ஆனது அப்படித்தான். கடைசித் தடவை, முதல் ஒன்பது நாளில் பாசி விட்டதை அடுத்த பத்தொன்பது நாள் இருட்டில் அதுவே செலவழித்துத் தீர்த்துவிட்டது.

இருட்டில் வைக்க வேண்டும் என்று ஐந்து நாட்டு விதியிலும் இருந்தது. கதவைத் திறக்கக் கூடாது என்று ஒன்றிலும் இல்லை. அப்படி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான்.

இது எப்போது ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டே பின்னால் போனார். பதினொரு வருஷத்துக்கு முந்தைய நோட்டில், ஒரு திங்கட்கிழமையில் முதல் ‘பார்த்தேன்’ இருந்தது. அதற்கு முன் எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு சொல் இல்லை. வைத்த நாளும் எடுத்த நாளும் மட்டும்தான்.

அந்தத் திங்கட்கிழமை அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் மகள் வெளிநாடு போனாள். மனைவி தனியாக விமான நிலையம் போய் வழியனுப்பிவிட்டு, தனியாக வீடு திரும்பினாள். அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. தீவில், குழுவின் இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். எதற்காகச் சண்டை என்றுகூட இப்போது நினைவில்லை, கமாவாகத்தான் இருக்கும். புதன்கிழமை அவர் திரும்பியபோது அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். காலையில் அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்திருந்தாள். “பிள்ளைங்களைப் பாத்துட்டு வேலைய ஆரம்பிக்கறேன்” என்று வேடிக்கையாகச் சொல்வாள். குடுவைகளைச் சொல்கிறாள் என்று அவரும் சிரித்திருக்கிறார்.

நோட்டை மூடி அட்டைப் பெட்டியில் வைத்தார். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, “சார், ரெண்டு நம்பரும் இப்ப ஒத்துப்போயிடுச்சு. மேடம் பேரும் வரப்போகுது. எதுக்கு சார் கிளறணும்?” என்றார். இவர் வாதாடவில்லை. ஆய்வகத்தில் இரண்டு இருட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒரே தூளை இரண்டிலும் வைப்போம். ஒன்றைத் திறக்கவே வேண்டாம், இன்னொன்றை அவள் திறந்த மாதிரியே தினமும் திறப்போம், நான் நினைப்பது பொய்யாகப் போனால் எனக்குத்தான் முதல் சந்தோஷம் என்றார். தினமும் திறக்கும் வேலையைத் தாமே செய்வதாகவும் கேட்டுக்கொண்டார். மேனேஜருக்கு மறுக்க மனம் வரவில்லை.

அப்படி இருபத்தெட்டு காலைகள் அவர் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழரை மணி பஸ். எட்டு மணிக்கு ஆய்வகத்தில் கூட்டுகிற அம்மா மட்டும் இருப்பாள். எட்டு பத்துக்குக் கதவைத் திறந்து விளக்கைப் போடுவார். வரிசையாகக் குடுவைகள், மூடிவரை நிறைந்த தெளிந்த தண்ணீர். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. முதல் வாரம் அவரால் உட்காரவே முடியவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அது மாறிப்போயிற்று. பெட்டிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று முகத்தில் படும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எதுவும் ஆகிவிடவில்லை, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது என்று பதினைந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கலாம். எட்டு இருபத்தைந்துக்கு எழுந்து பூட்டுவது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் இரண்டு நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு, நோட்டில் மறைக்காமல் 8.27 என்று எழுதினார்.

கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு நின்று, “அவங்களும் இப்படித்தான் பேசாம உக்காந்திருப்பாங்க. நான் வந்தா மட்டும் ஏதோ எழுதற மாதிரி குனிஞ்சிக்குவாங்க” என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் இரண்டு பெட்டிகளையும் கணக்குப் பார்த்தார்கள். திறக்காதது அறுபத்தொன்று. திறந்தது ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மகளிடம் சொல்லாமல் போக அவரால் முடியவில்லை. போனில் பெட்டி, விளக்கு, பாசி எல்லாவற்றையும் சொன்னார். எப்போதிலிருந்து என்பதைச் சொல்லவில்லை. அவளும் அப்போது கேட்கவில்லை.

“அப்போ அம்மா தப்பு பண்ணாங்கன்னு அஞ்சு நாட்டு ஆளுங்க முன்னாடி எழுந்து நின்னு சொல்லப் போறீங்களா?”

“தப்புன்னு சொல்லலம்மா. கதவு தெறந்திருந்ததுன்னு சொல்லப் போறேன்.”

“கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒன்னுதான்பா.” தணிந்த குரலில் சொன்னாள். “அவங்க பேரு அச்சுல வர்றது இதான் முதல் தடவை. அதையும் நீங்களே அடிச்சிடாதீங்க.”

அவர் யோசிக்கிறேன் என்றார். யோசிக்கவும் செய்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொது விதி வந்துவிடும், அவள் பெயரும் வந்துவிடும். ஆனால் பதினான்கு தூள்கள் இந்த வருஷங்களில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று நூலிழையில் தோற்றிருந்தன. நோட்டுகளில் அவர் எண்ணிப் பார்த்திருந்தார். இனி ஐந்து நாட்டில் எத்தனை ஆய்வகம், எத்தனை இருட்டுப் பெட்டி. எங்கேயாவது ஒருவர் காலையில் சீக்கிரமாக வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? மறுபடி எண்கள் முட்டிக்கொள்ளும். மறுபடி பதினொரு வருஷம். அவள் இருந்திருந்தால் என்ன செய்வாள் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதல் ஆளாக எழுந்து தன்னையே கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஆனால் அது அவள் செய்ய வேண்டியது. அவளுக்காக அதை இன்னொருவர் செய்யலாமா என்பதுதான் விடியும்வரை விளங்கவில்லை, விடிந்த பிறகும் விளங்கவில்லை.

கூட்டம் தலைவரின் நாட்டில், ஒரு மூன்றாம் மாடி அறையில் நடந்தது. வட்ட மேஜையின் நடுவே ஐந்து சலவைத்தூள் பெட்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே தூள். ஒன்றில் இலை, ஒன்றில் மீன், ஒன்றில் நீலத்துளி. ஒன்றில் பொடி எழுத்தில் எச்சரிக்கை, ஒன்றில் எச்சரிக்கையே இல்லை. “ஒரே ஆளு, அஞ்சு வேஷம். இன்னையோட கலைச்சிடலாம்” என்றார் தலைவர். எதிரே தீவுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்துக்காரர்கள் குழுவுக்கு வருவதில்லை. இது கடைசிக் கூட்டம் என்பதால் அனுப்பியிருந்தார்கள். நரைத்த குட்டை முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. ஆரம்பிக்கும் முன் வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது. தலைவர் பேனாவை எடுத்துக்கொண்டு, ஆட்சேபணை உண்டா, இல்லையென்றால் நிறைவேறியது என்று வழக்கப்படி கேட்டார்.

அவர் கையைத் தூக்கினார்.

“என்ன சார், கமாவா?” என்று யாரோ கேட்டார்கள். மேஜை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஏழு நிமிஷம் பேசினார். நோட்டில் இருந்ததையும் இரண்டு பெட்டிகளின் கணக்கையும் சொன்னார். தீவு ஆய்வகத்தின் எண்கள் பதினொரு வருஷமும் சரியாகவே இருந்தன, பிழை எங்கள் பக்கம் என்றார். ‘எங்கள்’ என்ற சொல்லை மகளுக்காகத்தான் வைத்தார். யாரும் ஏமாறவில்லை. எல்லோரும் தங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியவர் தீவுக்காரம்மா. “எத்தனை மணிக்குத் தெறப்பாங்க?”

“எட்டு பத்து.”

“எட்டு பத்து,” என்று தலையை ஆட்டினார். “கடுதாசி மேலயும் அப்படித்தான் மணி போட்டு எழுதுவாங்க.” பிறகு மேஜையைச் சுற்றிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “எங்க ஊர்ல பெட்டிச் சாவி ஸ்டோர்காரர்கிட்ட இருக்கும். வாங்கணும்னா மூணு கையெழுத்து வேணும். அந்த ஆளு கிட்ட போய் நிக்க சோம்பேறித்தனப்பட்டுத்தான் நான் தெறக்கறதில்ல. சாவி என் கையில இருந்திருந்தா நானும் தினம் தெறந்து பாத்திருப்பேன். இதுல நான் கெட்டிக்காரின்னு யாரும் எழுதிடாதீங்க.”

விதியில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. தோற்ற பதினான்கு தூள்களையும் மறுபடி பரிசோதிப்பது என்றும் ஆயிற்று. பிரிவை எழுதும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுதிக்கொண்டு வந்தார்: ‘குடுவைகளை வைத்துப் பூட்டிய பின் இருபத்தெட்டு நாள் முடியும்வரை பெட்டியின் கதவை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.’

தலைவர் இரண்டு தடவை படித்தார். “ஒரு கமா கூட இல்லையே.”

“தேவைப்படல,” என்றார் அவர்.

அப்புறம் முன்னுரை வந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ‘இப்பரிசோதனை முறையின் நுணுக்கம் அவர் தந்தது’ என்ற வரியை இப்போது எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தீவுக்காரம்மா, இருக்கட்டும், இந்தப் பிரிவே அந்தம்மாவால்தானே வந்தது என்றார். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கப் பிடித்தும் இருந்தது. ஆனால் எது உண்மையோ அதை மட்டும் எழுத வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் இதே மேஜையில் மற்றவர்களின் தலையைத் தின்றவர் அவர். அந்த வரியின் மேல் தம் பேனாவாலேயே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

நிறைவேறியது என்றார் தலைவர். ஐந்து பெட்டிகளையும் யாரோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது தீவுக்காரம்மா பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மேலே மாறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெயிண்ட் காஞ்சிடுச்சான்னு கேட்டு எழுதினது யாரு, நீங்களா, அவங்களா?”

“அவதான். ‘அன்புடன்’ வேண்டாம்னு சொன்னது மட்டும் நான்.”

தீவுக்காரம்மா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இனிமே நான் யாருக்குங்க எழுதறது?”

லிஃப்ட் வந்தது.

மறுநாள் மத்தியானம் ரயில் நிலையத்தில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது மகள் கூப்பிட்டாள். மடியில் பை, பைக்குள் நிறைவேறிய விதியின் ஒரு பிரதி, சாவிக்கொத்து. சாவியை மேனேஜரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்; இனி அது முத்திரை வைத்த உறையில் இருக்கும்.

“சொல்லிட்டீங்க, இல்லையா?” என்றாள்.

“சொல்லிட்டேன்மா.”

“அந்த வரி?”

“எடுத்தாச்சு.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். படவில்லை. சொல்லாமல் விட உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும், ஐந்து நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். அம்மாவை அந்த நாற்காலியில் வைத்துப் பார்க்க முயல்வதாகவும், முடியவில்லை என்றும் சொன்னாள். தான் இங்கே இருந்தவரை அம்மா காலையில் அப்படிச் சீக்கிரம் கிளம்பி அவளுக்கு நினைவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா, எப்பலேருந்து அவங்க அப்படித் தெறந்து பாக்க ஆரம்பிச்சாங்க? நோட்டுல தேதி இருக்குமே?”

அவருக்கு அந்தத் தேதி தெரியும். கிழமை தெரியும். நோட்டில் அது எந்தப் பக்கத்தில், மேலிருந்து எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியும்.

“ஆரம்பத்துலேருந்தேதான்மா,” என்றார். “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. வேலையில சேந்த நாள்லேருந்து.”

“ஓ.” அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. “அப்போ அது அவங்க பழக்கம்.”

“ஆமா. பழக்கம்.”

சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். அதுவும் உண்மையில்லை. வண்டி வருகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டு, வராத வண்டிக்காக அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனதும் அட்டைப் பெட்டியிலிருந்து பதினொரு வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு நோட்டை மட்டும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மகள் எப்போதாவது ஊருக்கு வந்தால் அவள் கையில் அகப்படாத ஒரு இடமாக, பூட்டு உள்ள இடமாகப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.